வாசகர் கேள்வி: ஏரிக்கரையில பாத்தது என்ன?

கேள்வி (வில்லியனூர் வாசகி): அண்ணே, பங்குனி கடைசி ஞாயித்துக்கிழமை பசங்கள கூட்டிட்டு ஊசுட்டேரிக்குப் போனோம். மார்கழியில பாத்த வாத்துக்கூட்டத்துல ஒன்னு கூட காணோம், வீட்டுக்காரர் "சீசன் முடிஞ்சப்புறம் கூட்டியாந்திருக்க பாரு"ன்னு ஒரே கிண்டல். ஆனா ஆகாயத்தாமரை மேல ஒரு கொக்கு நின்னுச்சு, முதுகு அப்படியே பீட்ரூட் கலர். வெளிநாட்டுப் பறவையா அது?

பதில்: வெளிநாடெல்லாம் இல்லம்மா, நம்ம மடையான்தான், குருட்டுக்கொக்குன்னும் சொல்லுவாங்களே அதேதான். வருஷம் முழுக்க அழுக்குப் பழுப்புல, சேத்தோட சேறா நிக்கும், கிட்டப் போறவரைக்கும் அங்க ஒரு பறவை இருக்கறதே தெரியாது. ஜோடி சேர்ற காலம் வந்துட்டா மாப்பிள்ளை கோலம்தான், முதுகு கருஞ்சிவப்பா மாறும், பின்னந்தலையில நீளமா வெள்ளை இறகு தொங்கும், சிலதுக்கு காலே செவந்துடும். நானும் ஒரு தடவை இத பாத்துட்டு "அபூர்வமான பறவை வந்திருக்கு"ன்னு கூட வந்தவங்கள எல்லாம் கூப்பிட்டு காட்டி, அது பறந்ததும் ரெண்டு றெக்கையும் வெள்ளை வெளேர்னு தெரிஞ்சு மானம் போச்சு! பக்கத்துல மாடு மேய்ற எடத்துல உண்ணிக்கொக்கையும் பாருங்க, அதுக்கும் இப்ப தலை, கழுத்தெல்லாம் ஆரஞ்சு கலர் ஏறியிருக்கும்.

வாத்து விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. நீலச்சிறகி, ஊசிவால் வாத்தெல்லாம் சைபீரியா, மத்திய ஆசியா பக்கத்துலேர்ந்து ஐப்பசி கார்த்திகையில வந்து மாசி பங்குனியில கெளம்பிடும், அங்க பனி உருகுனதும் குஞ்சு பொரிக்கணுமில்ல. ஆனா ஏரி காலியாயிடாது. ஊசுட்டேரி பாதி புதுச்சேரி, பாதி விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரி பக்கம் 2008லயும் விழுப்புரம் பக்கம் 2014லயும் சரணாலயமாச்சு. ஆனா தாழைக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் எல்லையெல்லாம் ஏது, இங்கயேதான் கெடக்கும்.

கேள்வி (கடலூர் முதுநகர் வாசகர்): ஏரியில ஒரு பாம்பு தலையையும் கழுத்தையும் மட்டும் வெளிய நீட்டிட்டு நீந்துச்சு, திடீர்னு முழுகிடுச்சு. என் பையன் இப்ப தண்ணி பக்கமே வர மாட்டேங்கறான். விஷப்பாம்பா சார்?

பதில்: பாம்பே இல்ல சார், பாம்புத்தாரா! உடம்பு தண்ணிக்குள்ள இருக்கும், கழுத்து மட்டும் வெளிய நெளியும். அலகு ஈட்டி மாதிரி, மீனை குத்தி வெளிய கொண்டாந்து, மேல தூக்கிப்போட்டு தலைப்பக்கமா முழுங்கும். இறகு தண்ணியில நனைஞ்சு ஊறிடும், அதனாலதான் அவ்ளோ சுலபமா முழுகுது, அப்புறம் கருவேல மரத்துல ஏறி றெக்கைய விரிச்சு துணி காயப்போட்ட மாதிரி உக்காந்திருக்கும். பையனுக்கு அந்தக் காட்சிய காட்டுங்க, பயம் போயிடும்.

கேள்வி (புதுச்சேரி கல்லூரி மாணவர்): போட்டோ எடுக்க நல்ல டைம் எது?

பதில்: காலையில 6லேர்ந்து 8 மணி வரைக்கும். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும். அதுக்கப்புறம் வெயில்ல கானல்தான் படத்துல விழும்.

கேள்வி (பாகூர் வாசகர்): வரப்புல நடந்தாலே ஆள்காட்டி ரெண்டு தலைக்கு மேல வந்து கத்தி, கொத்தற மாதிரி பாயுது. ஏன் தம்பி இந்தக் கோவம்?

பதில்: பக்கத்துல முட்டை இருக்குங்கய்யா. அது கூடுன்னு ஒன்னும் பெருசா கட்டாது, வெறும் தரையில லேசா பள்ளம் பறிச்சு மூணு நாலு முட்டை போடும், பாத்தா கல்லு மாதிரியே இருக்கும், மிதிச்சாலும் தெரியாது. கொளுத்தற வெயில்ல முட்டை வெந்துடக்கூடாதுன்னு தண்ணிக்குப் போய் வயித்து இறகை நனைச்சுட்டு வந்து அது மேல உக்காரும். பொரிக்க கிட்டத்தட்ட 1 மாசம் ஆகும். பம்புசெட்டுக்குப் போக வேற வரப்பு இருந்தா அதுவரைக்கும் அதுல போங்கய்யா, உங்க நாயையும் கட்டிப்போடுங்க.