புனித நாட்டில் எட்டு நாள் பஸ்

அன்புள்ள ஐயா,

2023 மார்ச்சில் ஆச்சிக்குத் துணையாக ஒரு சபைக் குழுவோடு இஸ்ரேல் போய்வந்தேன். எட்டு நாள், நாற்பத்துநாலு பேர், ஒரு பஸ். கல்லறைத் தேவாலயத்தில் இரண்டு மணி நேரம் வரிசை, உள்ளே அரை நிமிடம். ஆனால் பெத்லகேமில் ஒலிவ மரச் சாமான் கடையில் ஒன்றரை மணி நேரம்! ஜெருசலேம் பழைய நகரத்தில் ஒரு மணி நேரம் தனியாக நடக்கிறேன் என்றேன். விடவில்லை. பெத்லகேம் செக்போஸ்டில் கைடு இறங்கிப் போய்விட்டார், அடுத்தவர் வரும்வரை முக்கால் மணி நேரம் வீண். நான் படிப்பது வரலாறு. 'நீதான் போயிருக்கியே, அங்கே என்னதான் பிரச்சினை?' என்று ஹாஸ்டலில் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது கடை பில்தான்.

ஒரு மாணவன், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

அந்த மாதிரிக் கடையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கட்டணத்தைக் குறைத்துக் காட்டினால்தான் குழுவுக்கு ஆள் சேரும், விட்டதைக் கமிஷனில் பிடிப்பார்கள். கலிலேயாக் கரையில் 'பேதுரு மீன்' என்று முழுசாகப் பொரித்து வைத்தார்களா? அது நம்மூர்க் குளத்து ஜிலேபிக் கெண்டைக்குச் சொந்தம். தட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, ஒருங்கிணைப்பாளரை நான் திட்ட மாட்டேன். அந்தப் பயணம் உங்களுக்காகப் போட்டதல்ல, ஆச்சிக்காகப் போட்டது. ஒலிவ மலையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பதித்து வைத்திருக்கும் ஆலயத்தில் தமிழும் உண்டு. அங்கே ஆச்சி என்ன செய்தார்? உங்கள் கடிதத்தில் முதல் வரிக்கு அப்புறம் ஆச்சியையே காணோம்.

பழைய நகரத்தில் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காதது மட்டும் நிஜமான நஷ்டம். கிடைத்திருந்தால் ஏரோது வாசல் பக்கம் போகச் சொல்லியிருப்பேன். பாபா ஃபரீத் என்ற சூஃபி ஞானி தங்கித் தவம் செய்ததாகச் சொல்லப்படும் இந்திய விடுதி அங்கே இருக்கிறது. 1924-ல் சஹாரன்பூரிலிருந்து வந்தவரின் குடும்பம் அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் வீண் என்று எழுதினீர்களே, அந்த முக்கால் மணி நேரம்? ஹாஸ்டல் கேள்விக்கு உங்களிடம் இருக்கும் பதிலே அதுதான். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் 1995-ல் செய்த இரண்டாவது ஓஸ்லோ ஒப்பந்தம், பெத்லகேம் இருக்கும் மேற்குக் கரைப் பகுதியை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. பெத்லகேம் நகரம் ஏ பகுதி, பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழ் வருவது. அதற்குள் போக இஸ்ரேல் தன் குடிமக்களுக்குத் தடை போட்டு, சாலையோரம் சிவப்புப் பலகையும் நட்டிருக்கிறது. உங்கள் முதல் கைடு இறங்கியது அதனால்தான். அடுத்து ஏறியவர் பெத்லகேம்காரர் என்றால், பத்துக் கிலோமீட்டர்கூட இல்லாத ஜெருசலேமுக்கு அனுமதிச் சீட்டில்லாமல் அவர் போக முடியாது. நீங்கள் காத்திருந்த இடத்தில் தெரிந்திருக்குமே ஒரு கான்கிரீட் சுவர், அந்தத் தடுப்பை 2002-ல் கட்டத் தொடங்கினார்கள். அன்றைக்கு அதைத் தாண்டி சிரமமில்லாமல் போய்த் திரும்பியது நீங்கள் நாற்பத்துநாலு பேரும், வாங்கிய ஒலிவ மர ஒட்டகங்களும்தான்.

இரண்டாவது கைடு பஸ்ஸில் ஏறியதும் முதலில் என்ன சொன்னார்? ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள். முன் சீட்டில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.