எலுமிச்சை மஞ்சள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆயுத பூஜை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். சாய அண்டாவுக்குக் குங்குமம் வைத்த உங்கள் பாட்டி, தாத்தாவின் துப்பாக்கிக்கு மட்டும் வைக்க மறுத்துவிட்டார் என்றும், அவர் செய்ததே சரி என்றும் முடித்திருந்தீர்கள். எங்களுக்கு மலையடிவாரத்தில் தோட்டம். அப்பாவிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கும் பொட்டு உண்டு. ஒரு புடவைக்காக ஆயிரக்கணக்கான புழுக்களைக் கொதிநீரில் போடும் தொழிலில் இருந்துகொண்டு துப்பாக்கியைத் தள்ளி வைப்பது உங்களுக்கு உறுத்தவில்லையா? கோபத்தில் கேட்கவில்லை. என் மனைவி உங்கள் எழுத்தைப் படித்துவிட்டுப் பட்டு நூலுக்குச் சாயமேற்றப் பழகுகிறாள். கையில் ஏறிய மஞ்சள் போக என்ன செய்வது என்றும் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
ஈரோடு மாவட்டத்து வாசகர்

அன்புள்ள தம்பி,

புழு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிட்டால் அறுபடாத நூல் கிடைக்காது. அதனால்தான் அதற்கு முன்பே கூட்டை அவிக்கிறார்கள். முறுக்கேற்றிய நூலாகவே பட்டறைக்கு வந்துவிடுவதால் அந்தக் காட்சி என் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். கண்ணில் படாததால் எனக்குப் பாவமில்லை என்று வாதாட மாட்டேன்.

பாட்டி கதையில் நான் விட்டுவிட்டதும் ஒன்று உண்டு. தாத்தா தன் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் துடைத்தது எங்கள் பட்டறையின் கழிவு நூலால்தான். அவர் ராணுவத்திலிருந்து திரும்பியவர். தேர்தல் வந்தால் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிளில் கட்டி, காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருவார். முடிந்ததும் போய் வாங்கி வருவார். அது வெடித்து நான் கேட்டதே இல்லை. “அதனால் இந்த வீட்டில் என்ன விளைந்தது, பொட்டு வைக்க?” என்பது பாட்டியின் கேள்வி.

உங்கள் கடிதம் வந்த அன்று எலுமிச்சை மஞ்சளில் ஒரு பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, சாயமேற்றிக்கொண்டிருந்தேன். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பட்டின் இயற்கைப் பசையை நீக்கியதும் நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். சணல் போல விறைத்துக் கிடந்த நூல் சிட்டம் அப்போதுதான் பட்டாகும். வெதுவெதுப்பான சாயத் தண்ணீரில் அதை இறக்கி, சூட்டை மெல்ல ஏற்றிக்கொண்டே கழியால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் திட்டுத்திட்டாகிவிடும். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், நான்கு இழையைப் பிரித்துப் பிழிந்து உலர்த்தி மாதிரியோடு ஒத்துப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது நூலைவிட என் விரல்கள் நன்றாக மஞ்சளாகியிருந்தன. தோலும் பட்டைப் போலப் புரதம்தான். இந்தச் சாயத்துக்கு இரண்டும் ஒன்று.

செயற்கை மஞ்சளின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1771-இல் பீட்டர் வூல்ஃப் என்ற வேதியியலாளர் அவுரி நீலத்தை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தபோது பட்டை மஞ்சளாக்கும் ஒரு பொருள் கிடைத்தது. பிற்பாடு அதற்குப் பிக்ரிக் அமிலம் என்று பெயர் வந்தது. நிறம் பிடிக்கப் படிகாரமும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம். நேராகப் பட்டைப் பிடித்துக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் லியோன் நகரத்துச் சாயக்காரர்கள் அதில் பட்டை முக்கினார்கள். 1885-இல் யூஜீன் துர்ப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதே மஞ்சளைப் பீரங்கிக் குண்டுக்குள் வெடிமருந்தாக அடைக்க வழி கண்டார். ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டின் லிட் என்ற ஊரில் சோதித்து, அதற்கு லிட்டைட் என்று பெயரிட்டார்கள். 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் வெடித்து சுமார் 1,800 பேர் இறந்தார்கள். அதன் சரக்கில் பெரும்பகுதி எங்கள் மஞ்சள்தான்.

பட்டும் தப்பவில்லை. பெரிய பீரங்கிகளில் குண்டைத் தள்ளும் வெடிமருந்தைப் பட்டுப் பைகளில் அடைத்தார்கள். பட்டு மிச்சமில்லாமல் எரிந்துவிடும். குழலுக்குள் கனல் தங்கினால் அடுத்த மருந்தை வைக்கிறவர் செத்துப்போவார் அல்லவா? எவ்வளவு கரிசனம்!

ஆக, அண்டாவுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் பாட்டி போட்ட கோடு நான் எழுதிய அளவுக்கு நேரானதில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் பாட்டி பக்கம்தான். உங்கள் அப்பாவோடு எனக்குச் சண்டை இல்லை. காட்டுப்பன்றி ஒரே இரவில் கடலைக் கொல்லையை என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். எனக்குப் பொட்டுதான் பிரச்சினை. பட்டறையில் நிறம் தவறினால் அதைவிட அடர்ந்த நிறத்துக்கு மாறிக்கொள்ளலாம். எலுமிச்சை கெட்டால் மாம்பழ மஞ்சள், அதுவும் கெட்டால் அரக்கு, எல்லாம் கெட்டால் கறுப்பு. கறுப்புப் புடவைக்கும் ஆள் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். தாத்தா துப்பாக்கியை எடுக்கும்போது அவரிடம் அந்தத் தைரியத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே தோட்டா இல்லை என்று தெரிந்தும் இரண்டு முறை திறந்து பார்ப்பார். பாட்டி பொட்டு வைக்க மறுத்ததை எழுதினேன். அன்று தாத்தா ஒரு வார்த்தை கூட எதிர்த்துப் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்ததையும் எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் மனைவிக்கு: எலுமிச்சம்பழம், சோப்பு எதைத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். மேல்தோல் உதிர உதிர ஒரு வாரத்தில் தானே மறைந்துவிடும். அடுத்த முறை ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் போட்டுக்கொள்வதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா