ஒட்டுத்தையலுக்கு வாங்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குவில்ட் (மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்காகத் தைக்கும் போர்வை) தைக்கப் பழகிவருகிறேன். உள்ளூர்க் கடையில் 1,050 வெள்ளி விலை சொல்லும் தையல் இயந்திரத்தை அமெரிக்க இணையக் கடை ஒன்று 600 வெள்ளிக்கு விற்கிறது. அனுப்பும் செலவு 150 வெள்ளி. அங்கேயே வாங்கிவிடலாமா?
- தெம்பனிஸ் வாசகி

பதில்: வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் விற்கப்படும் இயந்திரங்கள் பெரும்பாலும் 110 அல்லது 120 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. சிங்கப்பூரில் நம் வீடுகளில் வருவதோ 230 வோல்ட். செருகியின் முனையை மட்டும் மாற்றும் சிறு அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை என்பதை அறியாமல் இணைத்தால், முதல் நாளிலேயே மோட்டாரோ உள்ளிருக்கும் மின்பலகையோ கருகிப்போகக்கூடும். இயந்திரத்தின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் "100-240 வோல்ட்" என்றிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தனியாக வாங்கி, அந்தக் கனமான பெட்டியை மேசைக்கடியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது வரி. இறக்குமதியாகும் பொருளின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால், பொருளின் விலையோடு காப்புறுதியையும் அனுப்பும் செலவையும் சேர்த்து 9 விழுக்காடு பொருள், சேவை வரி விதிக்கப்படும். காப்புறுதி இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் கணக்கில் 750 வெள்ளிக்கு 67.50 வெள்ளி வரி சேர்ந்து, மொத்தம் 817.50 வெள்ளியாகிறது. இதற்குமேல் டிரான்ஸ்பார்மர் விலையும், வரியைச் செலுத்தித் தந்ததற்காகப் பொதி நிறுவனம் வாங்கும் கட்டணமும் உண்டு. உள்ளூர் விலையில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும் என்பதால், மிச்சமாகும் தொகை நீங்கள் எண்ணியதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தச் சிறு தொகைக்காக உள்ளூர் உத்தரவாதத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "200 வகைத் தையல்" என்ற விளம்பரத்தைப் பொருட்படுத்த வேண்டாம். குவில்ட் தைப்பவருக்கு நேர்த்தையல், ஸிக்ஸாக், ஒட்டுவேலைக்கான ஓரத்தையல் ஆகிய மூன்றே அன்றாடம் பயன்படும். ஊசிக்கும் அதன் வலப்புறமுள்ள தூண் போன்ற பகுதிக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கிறது என்பதையே அளந்து பாருங்கள். சாதாரண வீட்டு இயந்திரத்தில் அது ஆறு, ஏழு அங்குலமாக இருக்கும். சுருட்டிய குவில்ட்டின் பாதி அந்தச் சந்துக்குள் நுழைந்து வர வேண்டும் என்பதால், ஒன்பது அங்குலத்துக்கு மேல் உள்ளது கை வலியை மிகவும் குறைக்கும். துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்க முடியுமா, மேலடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற அழுத்துபாதம் அந்த மாதிரிக்குக் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய இயந்திரத்தை வாங்குவதாக இருந்தால், மூன்றடுக்குத் தைக்க உங்கள் துணியையும் பஞ்சையும் நீங்களே எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் தரும் ஒற்றை மெல்லிய துணியில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் தைக்கும். ஊசித்தட்டின் துளையைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது இடறினால், ஊசி அங்கே பலமுறை மோதியிருக்கிறது என்று பொருள். அந்தக் கீறல் இனி உங்கள் நூலை அறுக்கும். இன்னொன்று, கரோசெல் போன்ற தளங்களில் தனிமனிதர் ஒருவரிடம் வாங்கும் பொருளுக்கு, அடுத்த பதிலில் நான் சொல்லப்போகும் சட்டப் பாதுகாப்பு பொருந்தாது. பழைய பொருள்களை வணிகமாகவே விற்கும் கடைக்குப் பொருந்தும்.

கேள்வி: கடையில் புதிதாக வாங்கிய இயந்திரம் நான்காவது மாதத்திலேயே தையலை விட்டுவிட்டுத் தைக்கிறது. இருமுறை பழுதுபார்த்தும் பயனில்லை. மோட்டாருக்கு மட்டுமே உத்தரவாதம் என்றும், ரசீதிலேயே "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதாகவும் கடைக்காரர் சொல்கிறார்.
- ஈசூன் வாசகர்

பதில்: ரசீதில் அச்சிட்ட வரி சட்டத்தைவிடப் பெரியதன்று. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள, பேச்சுவழக்கில் லெமன் சட்டம் எனப்படும் விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைத்த நாளிலேயே இருந்த குறையாகக் கருதப்படும். அப்படியில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விற்றவருடையது. முதலில் பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ கேட்கலாம். நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய சிரமமின்றி அது நடக்கவில்லையென்றால், விலையில் ஒரு பகுதியைக் குறைக்கும்படி கேட்கலாம். அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கோரலாம். அதுவரை பயன்படுத்தியதற்காகத் திருப்பித் தரும் தொகையில் கொஞ்சம் கழிக்கப்படலாம்.

வாதத்துக்குப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. 90/14 என்ற அளவிலான சற்றுத் தடித்த புதிய ஊசி ஒன்றைப் போட்டு, ஊசித்தட்டைக் கழற்றி அடியில் படிந்திருக்கும் பஞ்சுத்தூசியைத் துடைத்துவிட்டு, மீண்டும் தைத்துப் பாருங்கள். மழுங்கிய ஊசியும் மெல்லிய ஊசியும் மூன்றடுக்கில் தையலை விடும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவர் முதலில் எடுக்கப்போகும் வாதமும் அதுவே. புது ஊசியிலும் குறை தொடர்ந்தால் அதைக் காணொளியாகப் பதிவுசெய்து, இருமுறை பழுதுபார்த்த தேதிகளோடு எழுத்துவழி முறையிடுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் எதற்கும் உதவாது.

கடை அசையாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதுவும் பலிக்காவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் எழுத்துவழி இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலானவற்றை, அம்மன்றம் விசாரிக்கும். வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை என்பதால் அந்தச் செலவும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் பல இருக்கின்றன. அவற்றோடு பீப்பல்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் வாங்கும் புதுத் துணியையும் சேர்த்து ஒற்றைக் கட்டிலுக்குக் குவில்ட் தைக்க எவ்வளவு வாங்க வேண்டும்? சாயம் இறங்காமல் இருக்க உப்புநீரில் ஊறவைத்தால் போதுமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: உப்பு போதாது. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது பிடித்து நிறுத்துவதில்லை. வினிகரும் பருத்தியில் அப்படித்தான். வெதுவெதுப்பான நீரில் சலவைத்தூள் போட்டு, நீர் தெளியும்வரை அலசுவதே வழி. அதன்பின் துணியின் மூலையை நனைத்து, வெள்ளைத் துணி ஒன்றின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி எடுங்கள். சிவப்பு, கருநீலத் துணிகளிலிருந்து வெள்ளையில் சிறு கறை விழுந்தாலும் இன்னொரு முறை அலசுங்கள். அலசி அலசியும் கறை விழுவது நிற்கவில்லையென்றால் அந்தச் சேலையை வெளிர்நிறத் துணியோடு சேர்க்காதீர்கள்.

பழைய சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கொசுவம் வரும் பகுதியும் தரையில் உரசும் கீழ்க்கரையும் சல்லடையாகத் தெரியும். அவற்றை வெட்டி ஒதுக்குங்கள். நைந்த துணியைப் புதுத் துணியோடு இணைத்தால் தையலோரத்தில் பழையதே கிழியும். ஆசையாக வைத்துக்கொள்ள வேண்டிய பகுதியாக இருந்தால், பின்புறம், சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய துணியை இஸ்திரியால் ஒட்டிப் பயன்படுத்தலாம்.

இப்போது அளவு. ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் என்று வைத்துக்கொள்வோம். அடித்துணி நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக, அதாவது 68க்கு 88 அங்குலமாக இருக்க வேண்டும். கடைத் துணியின் அகலம் 44 அங்குலமே என்பதால் 88 அங்குலத் துண்டுகள் இரண்டை இணைக்க வேண்டும். ஏறத்தாழ நான்கரை மீட்டர் ஆகும். ஓரம் கட்டுவதற்கு 60 சென்டிமீட்டர். ஆனால், நல்ல நிலையிலுள்ள ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலை ஒன்று உங்களிடம் இருந்தால், அடித்துணிக்கு நான்கரை மீட்டர் போக மிஞ்சும் ஒரு மீட்டரில் ஓரத்தையும் கட்டிவிடலாம். முந்தானைப் பக்கத்தை ஓரத்துக்கு வைத்தால் அழகாகவும் இருக்கும். அப்படியானால் கடையில் மேல்துணிக்கு மட்டும் வாங்கினால் போதும்.

வாங்கும் இடத்தில் "நூறு விழுக்காடு பருத்தி" என்று சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஓரத்திலிருந்து இழை ஒன்றை உருவிக் கேட்டு வாங்கி, வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பிறகு போய் வாங்கினால் இரண்டாம் பயணம்தான், ஆனால் நான்கரை மீட்டர் தவறான துணியைவிட அது மலிவு.

கேள்வி: தையல் மேசைக்குச் சிறிய இஸ்திரிப்பெட்டி ஒன்றை இணையத்தில் மலிவாகக் கண்டேன். வாங்கலாமா?
- செங்காங் வாசகி

பதில்: இஸ்திரிப்பெட்டி சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், பாதுகாப்புக் குறி இல்லாமல் இங்கே விற்கக்கூடாது. குறியும் அதனருகே பதிவு எண்ணும் இல்லாத பெட்டி, எவ்வளவு மலிவாக இருந்தாலும், உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: கடைத்தொகுதியில் போட்டிருந்த சாவடியில் 20 தையல் வகுப்புகளுக்கான தொகையை முன்கூட்டியே கட்டிவிட்டேன். மறுநாளே மனம் மாறியது. ரத்து செய்யலாமா?
- ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: ஐந்து வேலைநாள்களுக்குள் ரத்து செய்யும் உரிமை எல்லா ஒப்பந்தத்துக்கும் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அழைக்காமலே வீடு தேடி வந்து விற்பது போன்ற நேரடி விற்பனைக்கும், விடுமுறைக் குத்தகைத் திட்டங்கள் போன்ற சிலவற்றுக்கும் மட்டுமே அது உண்டு. நீங்களே சாவடிக்குச் சென்று, விரும்பிக் கையெழுத்திட்டிருந்தால், மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பித் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. விற்றபோது பொய் சொல்லியிருந்தாலோ வற்புறுத்தியிருந்தாலோ நிலைமை வேறு. பணிவாகக் கேட்டுப் பாருங்கள். வேறொருவருக்கு மாற்றித் தரவாவது சிலர் இசைவார்கள். இனி, ஒரு தவணைக்கு மட்டும் கட்டணம் வாங்கும் சமூக மன்ற வகுப்பில் தொடங்குங்கள். கடை மூடப்பட்டாலும் ஒரு தவணைப் பணமே போகும்.

கேள்வி: எங்கள் சமூக மன்றக் குழு தாதிமை இல்லம் ஒன்றுக்கு மடிமேல் போட்டுக்கொள்ளும் 20 போர்வைகளைத் தைத்துத் தர விரும்புகிறது. துணியை மொத்தமாக வாங்குவதா, ஆளுக்கொரு கட்டமாக வீட்டிலிருக்கும் துணியில் தைத்து வரச் சொல்வதா?
- தோ பாயோ வாசகி

பதில்: துணி வாங்குமுன் இல்லத்தைக் கேளுங்கள். அங்கே சலவை பெரிய இயந்திரத்தில், சுடுநீரில், உலர்த்தும் இயந்திரத்தில் நடக்கும் என்றால், பட்டும் பொத்தானும் மணியும் கூடாது. பேட்டிங் எனப்படும் நடுப்பஞ்சு 80 விழுக்காடு பருத்தியும் 20 விழுக்காடு பாலியெஸ்டரும் கலந்ததாக இருந்தால் வடிவம் கலையாது. முழுப் பருத்தி முதற்சலவையில் சுருங்கும், முழு பாலியெஸ்டர் நம் வெயிலுக்குப் புழுங்கும். சக்கர நாற்காலியில் அமர்பவரின் போர்வை 90க்கு 120 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது. தொங்கினால் சக்கரத்தில் சிக்கும்.

ஆளுக்கொரு கட்டம் என்பது இந்த ஊருக்குப் புதிதன்று. 1942ல் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள், எத்தல் மல்வேனி என்ற கனடியப் பெண்மணியின் முயற்சியில், ஆளுக்கொரு சதுரத்தில் பூவேலை செய்து குவில்ட்கள் உருவாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். அவற்றுள் இரண்டு கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன. எத்தனை கைகள் தைத்தாலும் ஒன்றாக இணைந்ததற்கு, சதுரங்கள் ஒரே அளவில் இருந்தது முக்கியக் காரணம்.

ஆகவே வேலைப்பாட்டை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள்; வெட்டும் வேலையை மட்டும் ஒருவரிடமே, ஒரே அளவுகோலோடு ஒப்படையுங்கள். ஒவ்வொரு தையலிலும் எட்டில் ஓர் அங்குலம் பிசகினால் பத்துத் தையலில் ஒன்றேகால் அங்குலம் போய்விடும். அடித்துணியை மொத்தமாக வாங்குவதே நல்லது: ஒரு போர்வைக்கு 1.4 மீட்டர் வீதம் இருபதுக்கு 28 மீட்டர் தேவை. மீட்டர் விலையைக் கேட்காமல் முழுச்சுருள் விலையைக் கேளுங்கள்; ரசீதைக் குழுவின் பெயரில் வாங்கி, எல்லாருக்கும் தெரியும்படி படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.