முடி மாற்று சிகிச்சை: எஃப்.யூ.இ.யா, டி.எச்.ஐ.யா?

கேள்வி: எனக்கு வயது 26. நெற்றியின் இருபுறமும் முடி ஏறிவிட்டது, உச்சியிலும் மெலிகிறது. எஃப்.யூ.டி. காலாவதியான முறை என்றும், டி.எச்.ஐ.யில் வடுவே விழாது என்றும், ஒரே நாளில் 4,500 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து) வைத்துவிடலாம் என்றும் ஒரு மையத்தின் ஆலோசகர் சொல்கிறார். இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகை உண்டாம். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது? – வாசகர், சேலம்

பதில்: உங்களிடம் பேசியவர் மருத்துவர்தானா என்று முதலில் விசாரியுங்கள். 'ஆலோசகர்' என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் விற்பனை ஊழியராகவே இருக்கிறார்.

எவ்வளவு வழுக்கை விழுந்தாலும் பின்மண்டை முடி பெரும்பாலும் நிலைத்து நிற்கும். அதை வேரோடு எடுத்து முன்னால் நட்டாலும் தன் குணத்தை விடாது என்பதை நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதினார். எல்லா முறைகளுக்கும் அடிப்படை அதுவே. எஃப்.யூ.டி.யில் பின்மண்டைத் தோலை ஒரு பட்டையாக வெட்டியெடுத்துத் தையல் போடுவார்கள், எஃப்.யூ.இ.யில் சுமார் 1 மி.மீ. துளைக்கருவியால் வேர்களை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். டி.எச்.ஐ. என்பதோ எடுக்கும் முறையே அல்ல, எஃப்.யூ.இ.யில் எடுத்த வேரைப் பேனா போன்ற கருவியால் நடுவதற்கு வைத்த பெயர். ஆகவே 'வடு இல்லை' என்பது பொய். ஒரு கோட்டுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும், அவ்வளவுதான்.

உங்களுக்கு எப்போதாவது சிகிச்சை தேவைப்பட்டால், எஃப்.யூ.இ. போதும். ஆனால் எஃப்.யூ.டி.யைப் பழையது என்று தள்ளிவிடாதீர்கள். பின்பக்க முடியை ஒருநாளும் ஒட்ட வெட்டாதவர், தலையை மழிக்க விரும்பாத பெண்கள், நிறைய கிராஃப்ட் தேவைப்படுபவர் ஆகியோருக்கு அது இன்றும் நல்ல வழி. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கும், மிலிட்டரி கட்டிங் வைத்துக்கொள்பவர்களுக்கும் அது ஆகாது. பல மையங்கள் அதைக் கைவிட்டதற்குக் காரணம் விஞ்ஞானம் மட்டுமல்ல: தோலை வெட்டித் தைக்க அறுவை மருத்துவர் கட்டாயம் வேண்டும், துளைக்கருவியை ஒரு டெக்னீஷியன் கையில் கொடுத்துவிட்டு மருத்துவர் அடுத்த அறைக்குப் போய்விடலாம்.

இந்த வேலையை முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்றும், காணொளி பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் இந்தச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்திருந்தார். இருந்தும் அழகு நிலையத்தின் மாடியில் மரப்பு ஊசி போடுகிறார்கள். யாரோ இறந்த பிறகுதான் அதிகாரிகள் பூட்டுப் போட வருகிறார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நான்கு முடிகள் வரை இருக்கும். கிராஃப்ட் கணக்கில் பேசிவிட்டு முடிக்கணக்கில் பில் போடுபவர்கள் உண்டு. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது என்பதால் பின்மண்டை, எடுக்க எடுக்கக் குறையும் நெற்குதிர் போன்றது. 26 வயதில் 4,500-ஐ முன்நெற்றியில் கொட்டிவிட்டால், 40 வயதில் உச்சி காலியாகும்போது எடுப்பதற்கு அங்கே அதிகம் மிஞ்சாது. முன்னால் மட்டும் தீவு போல முடி நிற்கும்.

ஆகவே இப்போது முன்பணம் கட்டாதீர்கள். தோல் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, முடி உதிர்வுக்கான மருந்துகளான மினாக்ஸிடிலும், பக்கவிளைவுகளைக் கேட்டறிந்தபின் ஃபினாஸ்டரைடும் ஓராண்டு பயன்படுத்திப் பாருங்கள். அதன் பிறகும் தேவையென்றால், மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்த்து, வேர்களை எடுக்கப்போவது யார் என்பதை எழுத்தில் கேளுங்கள். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின்னரே முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். இரண்டு மாதத்தில் மாப்பிள்ளைக் கோலத்துக்குத் தயார் என்று அந்த ஆலோசகர் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.