பழைய பெட் பாஸ்போர்ட்டோடு ஒஸ்லோவுக்குப் புறப்படலாமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறோம். ஜூலையில் மூன்று கிழமை லீவு போட்டு, ஒஸ்லோவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு எங்கள் மோட்டர்ஹோமிலேயே போக யோசனை. இங்கே வாங்கிய வண்டி, ஸ்டியரிங் வலது பக்கம், மொத்த எடை 3,500 கிலோ. ஒரு லாப்ரடோரும், காப்பகத்தில் எடுத்த ஒரு கலப்பு நாயும் கூட வரும். இரண்டுக்கும் 2019இல் எடுத்த பெட் பாஸ்போர்ட் இருக்கிறது. வண்டிக்கு ‘ஐரோப்பிய அனுமதி’, புகை ஸ்டிக்கர்கள், நாய்களுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் எல்லாம் சேர்த்து 450 பவுண்டுக்கு முடித்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நோர்வேயிலிருந்து திரும்பும்போது நாய்களுக்குக் குடற்பூச்சி மருந்தும் தேவையில்லையாம். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் ஐயா. அந்த 450 பவுண்டில் உங்களுக்கு உண்மையில் தேவையான பொருள் ஒன்றுகூட இல்லை.

முதலில் வண்டி. வலது பக்க ஸ்டியரிங் வண்டியை ஐரோப்பாவில் ஓட்ட எந்த நாடும் தனி அனுமதி கேட்பதில்லை. வண்டியின் லொக் புக் என்ற பதிவுப் பத்திரம், உங்கள் லைசென்ஸ், காப்புறுதி, பின்னால் ‘யுகே’ ஸ்டிக்கர், முன் விளக்குக்கு ஒளி திருப்பும் ஒட்டி, இவைதான் முக்கியம். 2021 செப்டம்பருக்குப் பிறகு பழைய ‘ஜிபி’ ஸ்டிக்கர் செல்லாது, கிழித்து எறியுங்கள். விளக்கு ஒட்டியை இரவில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். டென்மார்க், சுவீடன், நோர்வே மூன்றிலும் பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

புகை ஸ்டிக்கர் விஷயம் இன்னும் வேடிக்கை. பிரான்சின் கலே துறைமுகத்திலிருந்து பெல்ஜியம், நெதர்லாந்து, ஜேர்மனி வழியாக நெடுஞ்சாலையிலேயே போகிறவருக்கு அது எதற்கு? ஜேர்மனியின் பச்சை ஸ்டிக்கர் குறிப்பிட்ட நகரங்களின் புகைக் கட்டுப்பாட்டு வலயங்களுக்குள் நுழைந்தால்தான் வேண்டும். ஹம்பர்க்கில் அப்படி ஒரு வலயமே கிடையாது. பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் நகருக்குள் போவதென்றால் வண்டியைப் பதிய வேண்டும், சுற்றுவட்டச் சாலையோடு போய்விட்டால் அதுவும் இல்லை. ஏதாவது ஒரு ஸ்டிக்கர் தேவைப்பட்டால் அந்தந்த நகரத்தின் அரசுத் தளத்திலேயே வாங்குங்கள். கூகிளில் தேடினால் மேலே வந்து நிற்பது பெரும்பாலும் இடைத்தரகர் கடைதான். அரசு முத்திரை போலவே ஒன்றைப் போட்டு, சில யூரோ பொருளைப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள்.

இனி நாய்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவில் கொடுத்த பெட் பாஸ்போர்ட் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையச் செல்லாது. உங்கள் 2019 புத்தகம் ஊசி போட்டதற்குச் சாட்சி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. உங்களுக்குத் தேவை விலங்கு சுகாதாரச் சான்றிதழ், எங்கள் கிளினிக்குகளில் ‘ஏ.எச்.சி.’ என்போம். ஐரோப்பாவுக்குள் நுழைவதற்கு முந்திய 10 நாட்களுக்குள் அது எழுதப்பட வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒன்று. அடுத்த வருடம் போனால் மறுபடி முதலிலிருந்து. அதே நாய், அதே சிப், அதே ஊசி, ஆனாலும் பக்கம் பக்கமாகப் பொருந்தாத வரிகளை அடித்து, அடித்த இடமெல்லாம் கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். இதனால் எந்த நாய்க்கு என்ன நன்மை என்று என்னிடம் கேட்காதீர்கள். 2025 மே மாதம் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் லண்டனில் கூடியபோது பெட் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கொண்டுவருவது பற்றியும் பேசினார்கள். பேச்சைக் காட்டிக் கப்பலில் ஏற முடியாது.

இந்தச் சான்றிதழை எல்லா மிருக வைத்தியர்களும் எழுத முடியாது, அதற்கென அரசு அங்கீகாரம் பெற்றவர் வேண்டும். கட்டணத்துக்கு வரையறையும் இல்லை. அதனால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். முக்கியமாக ஒன்று: ஒரே சான்றிதழில் ஐந்து பிராணிகள் வரை சேர்க்கலாம். இரண்டு நாய்க்கு இரண்டு சான்றிதழ், இரண்டு கட்டணம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் போவது நோர்வே என்று சொன்னவுடன் நோர்வே மொழிப் படிவத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் வருவது நீங்கள் முதலில் காலடி வைக்கும் நாடு. கலே வழியாகப் போனால் ஆங்கிலமும் பிரெஞ்சும், இங்கிலாந்தின் ஹரிச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹூக் ஒஃப் ஹொலண்டுக்குக் கப்பலில் போனால் ஆங்கிலமும் டச்சும்.

விசர்நாய்த் தடுப்பூசி தவணை தவறாமல் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் அது முதல் ஊசியாகக் கணக்கிடப்படும், 21 நாள் காத்திருக்க வேண்டும். இன்றைக்கே திகதியைப் பாருங்கள்.

முகவர் சொல்லும் பிரெஞ்சு பாஸ்போர்ட் அங்கே வசிப்பவர்களின் நாய்களுக்கான தாள். ஹரோவில் குடியிருக்கும் நாய்க்குப் பிரான்சில் யாரோ ஒருவருடைய முகவரியைப் போட்டு வாங்கினால், எல்லையில் மாட்டுவது நீங்கள். காசு வாங்கியவர் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார்.

அடுத்தது பூச்சி மருந்து. முகவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஐரோப்பாவிலிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பும் நாய்க்கு, வந்து சேர்வதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் முன்பாக, ஒரு மிருக வைத்தியர் நாடாப்புழு மருந்து கொடுத்து, மருந்தின் பெயர், திகதி, நேரம் எல்லாம் சான்றிதழில் எழுதி முத்திரை வைக்க வேண்டும். நீங்களே வீட்டில் குளிசை கொடுத்தால் செல்லாது. நோர்வே, பின்லாந்து, அயர்லாந்து, மால்டாவிலிருந்து வந்தால் இது தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் ‘நேரடியாக’ வந்தால் மட்டும். நோர்வேயிலிருந்து பிரித்தானியாவுக்கு நேரடியாகக் கார் ஏற்றும் பயணிகள் கப்பல் எங்கே இருக்கிறது? பேர்கனிலிருந்து நியூகாசிலுக்கு ஓடிய கப்பலை 2008இலேயே நிறுத்திவிட்டார்கள். மோட்டர்ஹோமில் வருகிறவர் சுவீடனோ டென்மார்க்கோ ஜேர்மனியோ வழியாகத்தான் கலேக்கு வர முடியும். அந்த எல்லையைத் தாண்டிய நிமிடமே நீங்கள் நேரடியாக வருகிறவர் இல்லை. சாலையில் வருகிற யாருக்கும் பயன்படாத சலுகை அது.

இன்னொன்றையும் முகவர் சொல்லவில்லை. நோர்வேக்குள் போகும்போதும் இதே 24 - 120 மணி நேர விதி உண்டு. ஆக, போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. லண்டனிலேயே மருந்து கொடுத்துவிட்டுக் கொப்பன்ஹேகனில் நாலு நாள் ஊர் சுற்றினால் 120 மணி நேரம் கரைந்துவிடும். அப்படியென்றால் டென்மார்க்கிலோ சுவீடனிலோ கொடுப்பதே நல்லது. சுவீடன் - நோர்வே எல்லையான ஸ்வீனசுண்டில் சிவப்பு வழியில் போய்ச் சுங்கத்தாரிடம் நாய்களையும் தாள்களையும் காட்டுங்கள். யாரும் மறிக்கவில்லையே என்று பச்சை வழியில் போய்விடாதீர்கள்.

திரும்பி வர ஒஸ்லோவிலேயே மருந்து கொடுத்துவிடலாம் என்று தம்பி சொல்லக்கூடும். ஒஸ்லோவிலிருந்து கலே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். வழியில் வண்டி பழுதானால் அவகாசம் போய்விடும். ஹம்பர்க் பக்கம் ஒரு வைத்தியரிடம் இப்போதே நேரம் எடுத்து வையுங்கள். அங்கே செவ்வாய் காலை 10 மணிக்குக் கொடுத்தால், புதன் காலை 10 முதல் ஞாயிறு காலை 10 வரை நீங்கள் கடக்கலாம்.

உங்கள் கலப்பு நாயின் படத்தை அனுப்பவில்லை. பிட்புல் சாயல் இருந்தால் இந்தப் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். டென்மார்க்கும் நோர்வேயும் தடை செய்த இனங்களின் கலப்பையும் தடுக்கின்றன. அது அந்த இனம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஓட்டும் விஷயத்தில் எனக்கிருக்கும் பெரிய கவலை பக்கக் கதவு. பிரித்தானியாவுக்கென்று செய்த பல மோட்டர்ஹோம்களில் அது இடது பக்கம் இருக்கும். இங்கே அது நடைபாதைப் பக்கம், அங்கே ஓடும் வாகனங்களின் பக்கம். சாலையோரம் நிறுத்தியதும் நாய் தன் பழக்கத்தில் அந்தக் கதவால்தான் குதிக்கும். உங்கள் டிரைவர் கதவு அங்கே ஓரப் பக்கமாக வருகிறது. நாயின் கழுத்துவாரைப் பூட்டிய பிறகு அந்த வழியாக இறக்குங்கள். ஓடும்போது இரண்டையும் கட்டியே வையுங்கள். முன் இருக்கையில் உங்கள் பக்கத்தில் இருப்பவரின் மடியில் நாய் வேண்டாம். சாய்வாக வந்து சேரும் சந்திகளில் இடது பக்கம் உங்களுக்குத் தெரியாது, அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். டென்மார்க் பாலங்களில் காசு கொடுக்கும் சாளரமும் அவர் பக்கம்தான். லொறிக்குப் பின்னால் மாட்டினால் பின்னாலேயே போங்கள், எட்டிப் பார்த்து முந்த வேண்டாம்.

கடைசியாகச் சாப்பாடு. பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோக முடியாது, அதில் நாய் உணவும் அடக்கம். பெரிய பை வாங்கி ஏற்றாதீர்கள், கலே தாண்டி முதல் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கலாம். ஆட்டிறைச்சிக் கறியையும் விட்டுவிடுங்கள். மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி இருக்கிறது, தம்பிக்குக் கருவாடு கொண்டுபோகலாம். நாய்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.