மூன்றாம் முறை பிடிபட்டவனை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பையன், 'சுகர்ஸ்' என்கிற போதைப்பொடி அடிப்பவன். வீடு வீடாகப் பித்தளைக் குழாயைக் கழற்றிக் கொண்டுபோய் விற்கிறான். இரண்டு தடவை உள்ளே போய் வந்துவிட்டான், இது மூன்றாவது. இந்த முறையாவது மாஜிஸ்திரேட் 15, 20 வருஷம் என்று தீட்டினால் என்ன? – ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தீட்ட ஆசைப்பட்டாலும் சட்டம் விடாது ஐயா. நீங்கள் சொல்லும் கணக்கு 1997ஆம் ஆண்டுக் குறைந்தபட்சத் தண்டனைச் சட்டத்தில் வருவது. கத்தியோ துப்பாக்கியோ காட்டிக் கொள்ளையடித்தவனுக்கு முதல் முறை 15, அடுத்து 20, அப்புறம் 25. அப்படிப்பட்டவன் போதையைச் சாக்குச் சொன்னால் எனக்கும் இரக்கம் வராது. ஆனால் இவன் வெறும் குழாய்த் திருடன், அந்தக் கணக்கு இவனுக்குப் பொருந்தாது. திரும்பத் திரும்பத் தப்புச் செய்பவனை வழக்கமான குற்றவாளி என்று அறிவிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 286ஆம் பிரிவு இருக்கிறது, அதில் மாட்டினால் 7 வருஷத்துக்குப் பரோல் பேச்சே கிடையாது.

சரி, நீண்ட தண்டனையே போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். விடிந்ததும் உடம்பு முறுக்கி, வயிற்றைப் பிசைந்து, மூக்கு ஒழுக உட்கார்ந்திருப்பவனுக்குத் தண்டனையெல்லாம் கண்ணில் தெரியாது, எதிர்வீட்டுக் குழாய்தான் தெரியும். சுகர்ஸ் என்பது ஹெராயினோடு கண்டதையும் கலந்த பொடி. உள்ளே சில மாதம் அது இல்லாமல் இருந்துவிட்டு, வெளியே வந்த அன்றே பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது, ஆளே போய்விடலாம். உள்ளேயே சரக்கு கிடைத்தால் (கிடைக்காது என்று யாராவது நம்புகிறீர்களா?) அந்தத் தண்டனைக்கே அர்த்தமில்லை.

அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 296ஆம் பிரிவும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. சிறைக்குப் பதிலாக மறுவாழ்வு மையத்துக்கே அனுப்பலாம், அல்லது சிறைத் தண்டனையை முழுசாக நிறுத்திவைத்துவிட்டு அனுப்பலாம். முக்கியமான நிபந்தனை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை நீதிமன்றத்தின் முன் இருக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு நிமிஷத்தில் முடிகிற வழக்கில் அந்த அறிக்கையை யார் கேட்பார்கள்? வீட்டார் வெட்கப்பட்டுக் கோர்ட் பக்கமே போவதில்லை. அந்தப் பையனின் அம்மாவை உங்களுக்குத் தெரியும்தானே, தண்டனை சொல்லும் முன்பே வக்கீலிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்டாலும் அரசு மையத்தில் இடம் குதிரைக் கொம்பு என்பீர்கள். உண்மைதான், என் கோபமும் அங்கேதான். 2020 ஊரடங்கில் டர்பனில் வீடற்றவர்களைத் தங்கவைத்து, ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்தைக் கொடுத்தார்கள், மனசு வைத்தால் நடக்கும் என்று கண்ணால் பார்த்தோம். சிறையில் போட்டுச் சோறு போடப் பணம் இருக்கிற அரசுக்கு மருந்து ஊற்ற மட்டும் பணம் இல்லையாம்!

கடைசியாக ஒன்று. பழைய சாமான் வாங்கும் கடைக்காரர் விற்பவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், 2009ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பையனை மூன்று முறை பிடித்தார்கள், குழாயை வாங்கியவனை ஒரு முறையாவது பிடித்தார்களா? அடுத்த கடிதத்தில் அதை விசாரித்து எழுதுங்கள்.