வெப்பநிலை மாறவே இல்லை என்றால் வாயுவுக்குள் வெப்பம் ஏன் போக வேண்டும்? வேலையையும் வெப்பத்தையும் எப்படிக் கணக்கிடுவது?

கேள்வியில் இருக்கும் கணக்கு இது: 2 மோல் நல்லியல்பு வாயு, 300 கெல்வின் வெப்பநிலையிலேயே 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு விரிகிறது. வாயு செய்த வேலை எவ்வளவு, உள்ளே போன வெப்பம் எவ்வளவு? கூடவே ஒரு சந்தேகம்: வெப்பநிலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அப்புறம் வெப்பம் எதற்கு?

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். மெதுவாக, மீள் முறையில் (எந்தக் கணத்திலும் வந்த வழியே திருப்பிவிடக்கூடிய விதத்தில்) விரிந்தால் வேலை சுமார் 3,458 ஜூல்; வெப்பமும் அதே 3,458 ஜூல். இதை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்தச் சந்தேகம் தீராமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே மாட்டிக்கொள்வீர்கள். நான் குன்னூரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் இங்கேதான், சூத்திரத்தில் வரும் மடக்கையில் (லாக்) இல்லை.

வெப்பம் கொடுத்தால் வெப்பநிலை ஏறும் என்று சின்ன வகுப்பிலிருந்தே நம் மனதில் பதிந்திருக்கிறது. கொடுத்த வெப்பம் வேறு எதிலும் செலவாகாதபோது அது சரி. வெப்ப இயக்கவியலின் முதல் விதி சொல்வது: கொடுத்த வெப்பம் = அக ஆற்றலில் (மூலக்கூறுகளிடம் இருக்கும் மொத்த ஆற்றலில்) ஏற்பட்ட மாற்றம் + வாயு செய்த வேலை. நல்லியல்பு வாயுவின் மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு கிடையாது. அதனால் அவை நெருங்கி நின்றாலும் விலகி நின்றாலும் அக ஆற்றல் மாறாது. வெப்பநிலை ஒன்றுதான் அதைத் தீர்மானிக்கிறது. வெப்பநிலை மாறவில்லையா, அக ஆற்றல் மாற்றம் சுழியம். மிச்சம் இருப்பது: வெப்பம் = வேலை. வரவும் செலவும் சரியாகப் போகும் வீட்டில் பேங்க் பேலன்ஸ் அசையாது. அதற்காகச் சம்பளமே வரவில்லை என்று அர்த்தமாகிவிடாது.

ஜூல் 1845-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு செம்புக் கலன்கள். ஒன்றில் அழுத்திய காற்று, மற்றொன்றில் வெற்றிடம், இரண்டும் தண்ணீருக்குள். நடுவில் இருந்த குழாயைத் திறந்ததும் காற்று பரவியது. தண்ணீரின் வெப்பநிலை மாறியதாகத் தெரியவில்லை. உண்மையான காற்று கொஞ்சம் குளிரத்தான் செய்யும். அவ்வளவு தண்ணீருக்குள் அந்தச் சிறு மாற்றம் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தை ரோட்டோரமே பார்க்கலாம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம். ஊட்டி நிலையம் 2,203 மீட்டர். கீழே காற்றழுத்தம் சுமார் 97.5 கிலோபாஸ்கல், மேலே சுமார் 77.5. ஊட்டியில் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பாருங்கள்: சமவெளியில் தொளதொளவென்று இருந்தவை இங்கே தலையணை மாதிரி விறைத்து நிற்கும், விரலால் அமுக்கினால் குழி விழாது.

அப்படி ஒரு பாக்கெட்டில் 400 மில்லிலிட்டர் வாயு, விரிவதற்குத் தாளில் இடமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்குள் உங்கள் மடியில், 30 டிகிரியிலேயே கல்லாறு, பர்லியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. மோல் எண்ணிக்கை தெரியாதே என்று திகைக்க வேண்டாம். மோல் × வாயு மாறிலி × வெப்பநிலை என்பது அழுத்தம் × பருமன்தான், அது 97.5 கிலோபாஸ்கல் × 0.4 லிட்டர் = 39 ஜூல். அழுத்த விகிதம் 97.5 ÷ 77.5 = 1.258, அதன் இயற்கை மடக்கை 0.23 (மடக்கை ஏன் என்பது கீழே உங்கள் கணக்கில் வரும்). பெருக்கினால் 9 ஜூல். பாக்கெட்டைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உங்கள் கையிலிருந்தும் இந்த 9 ஜூல் வெப்பம் தாள் வழியாக உள்ளே போயிருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை இரண்டு டிகிரி சூடாக்கும் அளவுதான், ஆனால் போகாமல் இருந்திருந்தால்? அதே விரிவில் உள்ளே இருக்கும் வாயு 30 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 11 டிகிரிக்கு இறங்கியிருக்கும்.

இறங்குமா என்று சந்தேகமாக இருந்தால் பஸ்ஸின் கண்ணாடியைத் திறந்து பாருங்கள். வெளியே மலைச்சரிவில் ஏறும் காற்றும் அதே அழுத்தக் குறைவைத்தான் சந்திக்கிறது, அதுவும் விரிகிறது, சுற்றியுள்ள காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. ஆனால் அதற்கு வெப்பம் கொடுக்க ஆள் இல்லை. தன் அக ஆற்றலிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. ஈரம் சேராத காற்று இப்படி ஏறினால் கிலோமீட்டருக்கு சுமார் 9.8 டிகிரி இறங்கும். மேகம் உருவாகும்போது நீராவி தன் வெப்பத்தை விடுவதால் இறக்கம் குறையும். சராசரி வளிமண்டலத்துக்கு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்பார்கள். ஊட்டியில் ஸ்வெட்டர் விற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். பாக்கெட்டுக்குள் நடந்தது வெப்பநிலை மாறா நிகழ்வு. வெளியே நடந்தது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. வெப்பநிலையை நிலையாக வைத்திருப்பதே உள்ளே வரும் வெப்பம்தான். ஆகவே இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததும், வெப்பநிலையை யார் மாறாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கணக்கு. வாயு விரிய விரிய அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறது. எனவே அழுத்தம் × பருமன் மாற்றம் என்று ஒரே பெருக்கலில் முடிக்க முடியாது. பருமனைத் துளித்துளியாகக் கூட்டி, ஒவ்வொரு துளிக்கும் அப்போதைய அழுத்தத்தைப் பெருக்கிச் சேர்க்க வேண்டும். தொகையிடல் என்பது அதுதான். அழுத்தம் பருமனுக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் விடையில் மடக்கை வருகிறது:

வேலை = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை × இயற்கை மடக்கை (இறுதிப் பருமன் ÷ தொடக்கப் பருமன்)

2 × 8.314 × 300 = 4,988 ஜூல். 2-இன் இயற்கை மடக்கை 0.6931. பெருக்கினால் 3,458 ஜூல். வெப்பநிலை கெல்வினில்தான் இருக்க வேண்டும்; பருமன் லிட்டரோ கனமீட்டரோ எதுவானாலும் விகிதத்தில் அடிபட்டுப் போகும். கால்குலேட்டரில் சாதாரண லாக் பொத்தானை அழுத்தினால் 0.3010 வரும், அதை 2.303-ஆல் பெருக்க வேண்டும். வேதியியல் புத்தகச் சூத்திரத்தில் 2.303 ஒட்டிக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

விடை சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. தொடக்க அழுத்தம் 498.8 கிலோபாஸ்கல், இறுதி அழுத்தம் அதில் பாதி, 249.4. அழுத்தம் முழுக்க முழுக்கத் தொடக்கத்தில் இருந்தபடியே இருந்திருந்தால் வேலை 4,988 ஜூல். முழுக்க இறுதி அழுத்தமாகவே இருந்திருந்தால் 2,494 ஜூல். சரியான விடை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தே ஆக வேண்டும். இன்னும் நெருக்க வேண்டுமானால் இரண்டுக்கும் சராசரி எடுங்கள்: 3,741. அழுத்தம்-பருமன் வரைபடத்தில் கோட்டுக்குக் கீழுள்ள பரப்புதான் வேலை; அந்தக் கோடு உள்நோக்கிக் குழிந்த வளைகோடு என்பதால் உண்மையான பரப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவு. 3,458 அதற்குப் பொருந்துகிறது. தேர்வறையில் பத்து வினாடி வேலை, யாரும் செய்வதில்லை.

இதுவரை சொன்னது மெதுவாக விரியும்போது. கேள்வித்தாளில் 'மீள் நிகழ்வு' என்ற சொல்லைத் தேடச் சொல்வது ஏன் என்றால், அது இல்லாவிட்டால் விடையே வேறு. உருளையை 300 கெல்வினில் இருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டு, பிஸ்டன் மேலிருக்கும் பாரத்தைச் சட்டென்று பாதியாக்கினால், வாயு 249.4 கிலோபாஸ்கலை மட்டுமே எதிர்த்துத் தள்ளுகிறது: வேலை 2,494 ஜூல். பாரமே வைக்காமல், 20 லிட்டரில் ஒரு தடுப்பு மட்டும் வைத்து ஊட்டிக் காற்றை எதிர்த்து விரியவிட்டால் 775 ஜூல். அதையே சென்னையில் செய்தால் 1,013. வெற்றிடத்துக்குள் விட்டால் சுழியம், ஜூல் செய்தது போல. நான்கிலும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, அக ஆற்றல் மாற்றம் சுழியம். வெப்பம் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தந்த வேலைக்குச் சமமாக மாறிக்கொண்டே போகிறது. வெப்பமும் வேலையும் பாதையைப் பொறுத்தவை என்று புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோவது இதைத்தான்.

திரும்ப அமுக்குவதையும் பார்த்துவிடுங்கள். மெதுவாக அமுக்கினால் அதே 3,458 ஜூல் செலவு. ஒரேயடியாக 498.8 கிலோபாஸ்கல் பாரத்தை ஏற்றி அமுக்கினால் 4,988 ஜூல் செலவு. அவசரமாக விரியவிட்டு 2,494 ஜூல் வாங்கி, அவசரமாக அமுக்கி 4,988 கொடுத்தால், மிச்சம் 2,494 ஜூல் தண்ணீர்த் தொட்டிக்கு வெப்பமாகப் போய்விட்டது. வாயு என்னவோ பழைய இடத்தில் பழையபடிதான் இருக்கிறது.

கூட்டல் கழித்தல் குழப்பத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வேலை என்றால் வாயு செய்த வேலை. வேதியியலில் வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை. அதனால் குறி தலைகீழ். வெப்பத்தின் குறி இரண்டிலும் ஒன்றுதான்: உள்ளே போனால் கூட்டல். சூத்திரத்தை எழுதுவதற்கு முன் எந்த வேலை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

செய்து பார்க்க ஆசை இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். 20 வரை இழுத்து, நுனியைக் கட்டைவிரலால் அடைத்து, மெதுவாக 10 வரை அமுக்குங்கள். ஊட்டியில் இதற்கான மொத்த வேலை 77.5 கிலோபாஸ்கல் × 20 மில்லி × 0.693, அதாவது சுமார் 1.07 ஜூல். அவ்வளவும் வெப்பமாகச் சிரிஞ்சின் சுவர் வழியாக வெளியேறிவிடும். ஆனால் உங்கள் கை 1.07 ஜூல் செய்யவில்லை! தண்டின் பின்பக்கம் வெளிக்காற்றும் சேர்ந்து தள்ளுகிறது. அதன் பங்கு 77.5 × 10 மில்லி = 0.78 ஜூல். உராய்வை விட்டுவிட்டால் உங்கள் பங்கு 0.3 ஜூல்தான். கடல்மட்டத்தில் அதுவே 0.39. 'வாயுவின் மீது செய்த வேலை' வேறு, 'ஆள் செய்த வேலை' வேறு. நுழைவுத்தேர்வுக் கேள்விகளில் இதை வைத்துத்தான் மடக்குவார்கள்.

கடைசியாக ஒன்று. வெப்பநிலை மாறாவிட்டாலே வெப்பமும் வேலையும் சமம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது நல்லியல்பு வாயுவுக்கு மட்டும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்து முடியும்வரை வெப்பநிலை அசையாது. ஒரு கிராம் தண்ணீர் அங்கே நீராவியாக மாற சுமார் 2,275 ஜூல் வெப்பம் வேண்டும். வெளிக்காற்றைத் தள்ளி இடம்பிடிக்க அது செய்யும் வேலை சுமார் 167 ஜூல். மீதி 2,100-க்கு மேற்பட்ட ஜூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த மூலக்கூறுகளைப் பிரிப்பதில், அதாவது அக ஆற்றலில் போய்ச் சேர்கிறது. இந்த மாதிரி கேள்விக்கு மடக்கைச் சூத்திரம் வேண்டாம். அழுத்தம் மாறாததால் வேலைக்கு அழுத்தம் × பருமன் மாற்றம் போதும், வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம்.